கொஞ்சமாக ஊற்றிய ஆயில்

போன வாரம் பம்மலில் நடந்தது, வரிசையாக:

1. ஸ்டெல்லா அக்காவின் பட்டறையில் பிவிசி பட்டை செய்கிறார்கள். வீட்டுச் சுவரில் வயரை மறைக்க ஒட்டுவோமே, அந்த வெள்ளைப் பட்டைதான். அதன் மேல்மூடியை அழுத்தி மாட்டும்போது ஒன்றிரண்டு விரிசல் விடுகிறது என்று எலக்ட்ரீஷியன்கள் புகார் சொன்னார்கள்.
2. மெஷின் ஓட்டும் குமார் அண்ணா, யாரையும் கேட்காமல், கலவையில் கொஞ்சம் ஆயில் ஊற்றினார்.
3. அந்த லோடு மொத்தமும் உடைந்து திரும்பி வந்தது.
4. வேண்டுமென்றே கெடுத்துவிட்டார் என்று, சனிக்கிழமையோடு அவரை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் அக்கா.

அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். சர்ச் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவர் அவர். நான் பிளாஸ்டிக் டெஸ்டிங் லேபில் இருப்பவள். குமார்தான் கெடுத்தார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

அதே பட்டறையில் தோட்டத்து டியூபும் செய்கிறார்கள். பிளாஸ்டிக்கை இளக்கும் அந்த ஆயிலை நிறையச் சேர்ப்பதால்தான் அது வளைகிறது. அப்படியானால் விறைப்பான பட்டையில் கொஞ்சம் ஊற்றினால் கொஞ்சம் வளையும்... யாருக்கும் அப்படித்தானே தோன்றும்?

"மெஷின்ல சும்மா வெண்ண மாதிரி வந்துச்சு மேடம். ஆறினப்புறம் அப்பளம் கணக்கா ஒடையுது," என்றார் குமார் அண்ணா, நான் பட்டறைக்குப் போய்க் கேட்டபோது.

இரண்டுமே உண்மை. காலை நேரத்து தாம்பரம் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். நகர இடமில்லை. ஆனாலும் தோளையும் முழங்கையையும் லேசாக அசைக்கலாம் — பிரேக் போட்டால் அந்த அசைவுதான் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். பிவிசியின் நீண்ட மூலக்கூறுகளும் ஆறிய பிறகு அப்படித்தான் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கொஞ்சம் ஆயில் ஊற்றினால் அதன் குட்டி மூலக்கூறுகள் அந்தச் சந்துகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. அசைவு போய்விடுகிறது. இறுக்கம் கூடுகிறது, அடி பட்டால் உடைகிறது. நிறைய ஊற்றினால் வேறு கதை; நீண்ட மூலக்கூறுகளே விலகி, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். மெஷினின் சூட்டிலோ கொஞ்சம் ஆயிலே கலவையைச் சுலபமாக ஓடவைத்துவிடும். குமார் அண்ணா ஏமாந்தது அங்கேதான்.

அக்காவிடம் முதலில் சுருக்கமாகத்தான் சொன்னேன், குமார் அண்ணா மேல் தப்பில்லை என்று. அக்கா இன்னும் விறைத்துக்கொண்டார்.

"அவனுக்கு வக்கீலா வந்தியா நீ?"

பிறகு உட்கார்ந்தேன். ஆயில் இல்லாதது, கொஞ்சம் சேர்த்தது, நிறையச் சேர்த்தது என்று மூன்றையும் அக்காவையே வளைக்கச் சொன்னேன். நடுவில் இருந்தது மட்டும் கையிலேயே உடைந்தது. ரயில் கதையை முழுசாகச் சொன்னேன். டீ வந்தது, மறுபடி சொன்னேன்.

"கேக்காம ஊத்தினது தப்புதானே?"

"தப்புதான்க்கா. கெடுக்கணும்னு ஊத்தல."

விறைத்து நிற்கும் மனிதரிடம் இதமாக ஒரே ஒரு வார்த்தை சொல்வது ஆபத்து என்று இப்போது தோன்றுகிறது. சொன்னால் நிறையச் சொல்ல வேண்டும். நேரமில்லையா — வாயையே திறக்கக் கூடாது.

இப்போதைய நிலவரம்: பட்டைக் கலவையில் ஆயில் கிடையாது. பழைய விரிசலுக்குக் காரணம் அநேகமாக, செலவைக் குறைக்கக் கலவையில் சேர்க்கும் சுண்ணாம்புப் பவுடர் அதிகமாகிப்போனது. அதைக் கூட்டச் சொன்னது தான்தான் என்று அக்காவே ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை தாண்டிவிட்டது, குமார் அண்ணா மெஷினில் நிற்கிறார். மன்னிப்பை மட்டும் இரண்டு பேரும் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.