ஸ்டாஃப் விலைக்கு ஒரு டிவி

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் புது டிவி வந்தது. மகன் போனிலேயே பார்த்து, போனிலேயே வாங்கிவிட்டான். இரண்டு பையன்கள் கொண்டுவந்து கூடத்தில் இறக்கி அட்டைப்பெட்டியைப் பிரித்தார்கள். தெர்மோகோல் துகள் பறந்தது. புது பிளாஸ்டிக் வாசனை வீடெல்லாம் பரவியது. எல்லோருக்கும் பிடிக்கிற வாசனைதான். எனக்கு மட்டும் அது ஆகாது.

"ஏம்மா மூஞ்சி இப்படிப் போச்சு? விலை ஜாஸ்தின்னு நெனைக்கிறியா? பாதிக்குப் பாதி தள்ளுபடிம்மா" என்றான் மகன்.

தள்ளுபடி என்கிற சொல்லும் எனக்கு ஆகாது. அதை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் ஓசூர் சிப்காட்டில் டிவி பொருத்துகிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். நீளமான மேசை, இரண்டு பக்கமும் பெண்கள், ஆளுக்கொரு சால்டரிங் கம்பி. ஈயம் உருகி எழும் புகை மூக்கில் ஏறி, சாயங்காலம் சாப்பிடும் சோற்றிலும் அதே வாடை அடிக்கும். காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊரில் என்னை 'டிவி செய்யிற பொண்ணு' என்பார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் என் வேலை ஐந்தாறு கம்பிகளை ஒட்டவைப்பது. படம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டிருந்தால் மேற்பார்வையாளரைத்தான் காட்டியிருப்பேன்.

அந்தப் பெயர்தான் என் தங்கை வசந்தாவுக்கு வினையாக வந்தது. பாரூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், காபி குடித்து முடித்ததும் என்னைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளை பழனி ஏரிப்பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருந்தார். அதிகம் பேசாதவர். அவருடைய அம்மாதான் கேட்டார். "பெரிய பொண்ணு டிவி கம்பெனியிலதானே இருக்குது? நகை கம்மியா இருந்தாலும் பரவால்லீங்க. ஒரு டிவி போட்டுடுங்க. உங்களுக்கு அது சும்மா கெடைக்கிற மாதிரிதானே."

சும்மா இல்லை. ஆனால் ஸ்டாஃப் விலை என்று ஒன்று இருந்தது. வேலை நிரந்தரமானால், கடை விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தருவார்கள். ஒரு வருடத்தில் நிரந்தரம் ஆகிவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாங்காய் மண்டியில் கூடை கட்டுகிற அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கல்யாணம் முடிந்தது.

எங்கள் கம்பெனியில் கேன்டீனுக்குப் போகிற வழியில் அறிவிப்புப் பலகை இருக்கும். அதற்கு முன்னால் கூட்டம் நின்றாலே ஏதோ குறையப் போகிறது என்று அர்த்தம். முதல் அறிவிப்பு, ஸ்டாஃப் விலை ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு மட்டும் என்றது. அடுத்தது, மூன்றில் ஒரு பங்கு இனிமேல் பத்தில் ஒரு பங்கு என்றது. வேறு கம்பெனிகள் விலையை இறக்கிவிட்டனவாம்; இவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லையாம். என் நிரந்தரமும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மற்ற பெண்கள் திட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நான் அங்கேயே நின்று மறுபடி படிப்பேன். அந்தக் காகிதத்தில் இருப்பது வசந்தாவுக்குப் போய்ச் சேர வேண்டிய சேதி.

மாதம் ஒருமுறை பாரூர் போவேன். பழனி ஒருநாளும் கத்தியதில்லை. கத்தியிருந்தால் பயம் குறைவாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வாசலில் உட்கார்ந்து கரும்புத் தோகை சீவிக்கொண்டே, நிமிராமல் கேட்பார். "டிவி எப்ப வருது அண்ணி?"

"இந்தத் தீபாவளிக்குள்ள வந்துடும் மாப்ள."

"சரி."

அந்தச் 'சரி'யை எடுத்துக்கொண்டுதான் ஓசூர் பஸ் ஏறுவேன்.

ஒருதடவை போனபோது அடுப்படியில் புதிதாக ஒரு சீமெண்ணெய் பம்ப் ஸ்டவ் இருந்தது. அந்த வீட்டில் விறகுக்குப் பஞ்சமே இல்லை; கரும்புச் சக்கையும் தென்னை மட்டையும் கொல்லையில் மலையாகக் கிடக்கும். "எதுக்குடி இது?" என்றேன். "அவரு வாங்கிட்டு வந்தாரு. இனிமே நான் இதுலதான் சமைக்கணுமாம். அத்தை விறகடுப்புலதான் வெக்கிறாங்க" என்றாள் வசந்தா. அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி என்று மூலையில் நாலு வரி போட்டிருப்பார்கள். வெடித்த ஸ்டவ் எதுவும் மாமியாரைத் தொட்டதாக நான் படித்ததில்லை. அன்று ஓசூருக்குத் திரும்பாமல் ஊருக்கே போனேன். அப்பாவிடம் சொன்னேன். "டிவியக் குடுத்துட்டா சரியாப் போயிடும்மா" என்றார். அவருக்கும் பயம், எனக்கு அதை நம்ப வேண்டியிருந்தது.

கம்பெனி கேட்டில் காவலுக்கு முனிரத்தினம் என்று ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். தெலுங்குக்காரர், எல்லோருக்கும் ஹவில்தாரய்யா. ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஸ்டாஃப் விலை அடுத்த உத்தரவு வரும்வரை கிடையாது என்று ஒட்டிவிட்டார்கள். வெளியே வந்து கேட் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்து என்னவென்று கேட்டார். ஸ்டவ் வரைக்கும் சொன்னேன்.

பெங்களூரில் மிலிட்டரி கேன்டீனில் அவருக்கு டிவி சலுகை உண்டு. அங்கேயும் முன்பு போல இல்லை. நினைத்தபோது வாங்கிய காலம் போய், ஆளுக்கு ஒன்று, அதுவும் சொந்த வீட்டுக்கு மட்டும், வெளியில் கொடுத்தது தெரிந்தால் கார்டைப் பிடுங்கிவிடுவோம் என்று இறுக்கிவிட்டார்கள். அவர் அந்த ஒன்றைத் தன் வீட்டுக்கு என்று வைத்திருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவேயில்லை.

"இச்சேயண்டி. குடுத்துடுங்க. இத்தன நாளு பாக்காம நம்ம கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

என் தோடும் எங்கள் அம்மாவின் மூக்குத்தியும் அடகுக்குப் போயின. ஹவில்தாரய்யாவும் நானும் பெங்களூர் போய் டிவியை வாங்கி ஓசூர் பஸ்ஸில் ஏற்றினோம். டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் பெட்டி. வெயிலில் அதிலிருந்து அந்தப் புது வாசனை வந்துகொண்டே இருந்தது. எல்லை செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஓர் அதிகாரி ஏறி, "இது யாருது?" என்றார். நான் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலை இருக்கும் திசை தெரியாமல் ஏதோ ஒரு பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். அது மைசூர்ப் பக்கம் என்று பிறகு தெரிந்தது.

"என்னுது" என்றார் ஹவில்தாரய்யா.

"வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான்."

அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். சண்டை பார்த்த மனிதர், அடுத்த ஊர் தாண்டும்வரை கம்பியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

அந்த வாரமே பாரூர் போகும் பஸ் கண்டக்டரிடம், நாளைக்கு டிவி வருகிறது என்று சொல்லியனுப்பினேன். மறுநாள் ஹவில்தாரய்யாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பழனி ஓடிவந்து பெட்டியை வாங்கினார். பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்து உள்ளே கொண்டுபோனார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தெருவே கூடிவிட்டது. மூங்கிலில் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு பழனி ஏணிவைத்து ஓட்டுக்கூரைமேல் ஏறினார்.

நான் அடுப்படிக்குப் போனேன். வசந்தா காபி போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிப் பிடித்தேன். சீமெண்ணெய் வாடை.

"எங்கிருந்துடி வருது?"

"தலையிலிருந்துக்கா. ரெண்டு தரம் சீயக்கா போட்டேன். போகல."

"எப்படி ஆச்சு?"

"நேத்து மத்தியானம். பரண்ல இருந்து கேன் சாஞ்சிடுச்சு."

"யாரு சாய்ச்சது?"

கூரையிலிருந்து பழனியின் குரல் கேட்டது. "வருதா? இப்ப வருதா?" வசந்தா மேலே பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "நீ சொல்லியனுப்பினது சாயங்காலம் வந்துச்சுக்கா. அப்புறம்தான் குளிச்சுட்டு வரச் சொன்னாரு."

நான் ஸ்டவ்வை அணைத்தேன். அப்போது கூடத்தில் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். "வந்துடுச்சு, வந்துடுச்சு. அப்படியே புடி. கைய எடுக்காத."

எட்டிப் பார்த்தேன். புள்ளிமழைக்கு நடுவில் கன்னடத்தில் யாரோ உழவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மேலே பழனி கம்பியைக் கையால் பிடித்திருந்தால் படம் நிற்கிறது, விட்டால் போய்விடுகிறது. மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹவில்தாரய்யாவிடம் போய் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் டிவியைப் பார்த்தார். தன் மனைவிக்காக வைத்திருந்தது. பிறகு எழுந்தார்.

"கிருஷ்ணகிரி பஸ் வர்ற நேரம்தான். பாப்பாவைக் கூப்புடும்மா. ஓடாதீங்க. நடங்க."

கொல்லைவழியாக வசந்தாவை அழைத்துக்கொண்டு வந்து தெருவில் இறங்கினோம். மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை. ஏரிக்கால்வாயை ஒட்டி நேர்ப்பாதை; மறைவதற்கு ஒரு மரம் இல்லை. கூரைமேல் நிற்கிறவனுக்கு ஊரே தெரியும். திரும்பாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். பழனி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணும் கண்ணும் சந்தித்தன. கீழிருந்து, "விடாத பழனி, அப்படியே புடி" என்று கத்துவது எங்களுக்கும் கேட்டது. அவர் பார்த்தார். பார்த்தும் கம்பியை விடவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் பின்னால் சைக்கிளில் வருவார் என்றே கண்ணாடிவழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போச்சம்பள்ளி தாண்டியதும் வசந்தா என் மடியில் தலையை வைத்தாள். பக்கத்து சீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவர்கள் உண்மையில் என்ன செய்யவிருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேன் தானாகச் சாய்ந்திருக்கவும் கூடும். அப்படி நினைக்க எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

ஓசூரில் நாங்கள் நாலு பெண்கள் தங்கியிருந்த அறையில் வசந்தாவும் ஒருத்தியானாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவே மாட்டாள். சைக்கிள் மணி கேட்டால் இருவருக்கும் பேச்சு நின்றுவிடும். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை பழனி கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். நான் உள்ளேயிருந்து பார்த்தேன். ஹவில்தாரய்யா கேட்டுக்கு வெளியே போய் அவர் முன்னால் நின்றார்.

"டிவி நல்லா ஓடுதா தம்பி?"

"ஓடுது."

"அப்ப வீட்டுக்குப் போயி அதப் பாரு."

பழனி "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். டிவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வசந்தாவுக்கும் எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் வேலை கிடைத்தது. அவள் நிரந்தரமானபோது ஸ்டாஃப் விலை என்ற பேச்சே கம்பெனியில் இல்லை. தீபாவளிக்கு ஓர் இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். அவள் சம்பளத்தைச் சேர்த்துவைத்து பாகலூர் ரோட்டுக் கடையில் ஒரு சின்ன டிவி வாங்கினாள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஹவில்தாரய்யாவையும் அவர் மனைவியையும் அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "எவ்வளவும்மா கொறச்சாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒண்ணும் கொறைக்கலம்மா. முழு வெல" என்றாள் வசந்தா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தொண்ணூறுகள் முடிவதற்குள் கம்பெனி மூடிவிட்டது. ஹவில்தாரய்யா காலமாகிவிட்டார், அந்த அம்மா மகனோடு மாலூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கி, கேட் இருந்த இடத்தைத் தேடினேன். நீளமான மதில் ஒன்றுதான் இருந்தது. டீக்கடைப் பையனிடம் கம்பெனியின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அவன் பெயரை இரண்டுமுறை சொல்லிப் பார்த்தான். "அப்படி ஒண்ணு இங்க இல்லீங்களே" என்றான். ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, அவர் பழனியின் முன்னால் போய் நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நானாக ஓர் இடத்தை வைத்துக்கொண்டு, அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.