கேட்காமல் வந்த எருமை

ஆனைக்குட்டத்து வேலுத்தாய் திருத்தங்கல் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டினாள். புருசன் சீனிச்சாமிக்குப் பட்டாசு ஆபீஸில் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், மழை பொய்த்த கோடையில் ஒரு சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது வாசல் வேம்பில் ஓர் எருமை கட்டியிருந்தது.

"யாரு மாடு?"

"நம்மளுதுதான். சந்தையில அமைஞ்சுச்சு," என்றான் சீனிச்சாமி.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேட்டா வேண்டாம்னுதான சொல்லுவ."

பகலெல்லாம் குனிந்து ஒட்டியவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. விடியுமுன் சாணி அள்ளுவதும், வேலை விட்டு வந்து ஓடைக்கரையெல்லாம் அலைந்து புல்லறுப்பதும், தூரத்துக் கிணற்றில் இறைத்துத் தண்ணீர் காட்டுவதும் அவள் பாடாயிற்று. சீனிச்சாமி பால் கறந்தான். மாடு வைத்திருப்பவன் என்ற பேரும் அவனுக்குத்தான்.

ஒரு நாள் புல்லுக்கட்டை இறக்கியவள் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பு மூட்டவும் எழவில்லை.

"என்ன புள்ள, மேலுக்குச் சுகமில்லையா?"

"நாளைக்கு உங்களுக்கு லீவுதான? மாட்ட நீங்க பாருங்க. பாத்துட்டு, வச்சுக்கிடலாம்னு நீங்க சொன்னீகன்னா வச்சுக்கிடுவோம்."

மறுநாள் பொழுது சாயத் தோள்பட்டையைத் தடவியபடி வந்தான். "வித்துருவோம்," என்றான். மாட்டுக்குப் புல்லை உதறிப் போட்டுவிட்டு, "யாரு உடம்பு நோகுமோ அவுகளத்தான் முதல்ல கேக்கணும். நான் கேக்கல," என்றான். எருமையை விற்றார்கள். அதன்பிறகு எந்தக் காரியமானாலும் அவளைக் கேட்டான். வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பதையும் அவனே வாங்கிக்கொண்டான்.

மறுவருசம் பிசகியவள் வேலுத்தாய். ஆமத்தூரில் தனியாகக் கிடந்த அவள் அப்பா சங்கிலிமுத்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். பார்க்கப் போனவள், அவர் அழுத அழுகையில் அவரை வண்டியிலேற்றிக் கூட்டி வந்துவிட்டாள். சீனிச்சாமி அவரைத் தூக்கி இறக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது: இனி தினமும் தூக்க வேண்டியவன் இவன்.

அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னாள். "உங்களக் கேக்காமக் கூட்டியாந்துட்டேன்."

அவன் முகம் இறுகித்தான் இருந்தது. "கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்ல?"

"ஆமா."

"தீபாவளிச் சீசன் நேரம். காலையில என்னால ஏலாது. உன் தம்பி அய்யாதுரைய வரச் சொல்லு. சாயந்தரம் நான் பாத்துக்கிடுதேன்."

"அப்பத் தண்ணிக்கு நான் போறேன்."

அய்யாதுரை பாதி நாள் வரவில்லை. அந்தக் காலைகளில் சீனிச்சாமி முனகிக்கொண்டே மாமனாரைத் தூக்கினான்; அந்த முனகலை வேலுத்தாய் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழவர் இரண்டு தீபாவளி இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகும் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கேட்கவும் பதில் சொல்லவும் தெம்பில்லாத நாட்களும் இருந்தன. அப்போது, "நாளைக்குப் பேசுவமா?" என்பாள் அவள். "ம்," என்பான் அவன். எந்த முடிவும் எடுக்காமல் படுத்துக்கொள்வார்கள்.