கழுத்தைப் பற்றி ஒரு கேள்வி

நான் சமூகப் பணியாளர். வேலையில் சேர்ந்து பல வருடங்கள் ஆன பிறகும் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார்களே என்று சலித்துக்கொண்டேதான் திருவள்ளூருக்குப் போனேன். அங்கே பயிற்சியாளர் சொன்னார்: "அடிக்கிறாரான்னு மட்டும் கேக்காதீங்க. கழுத்தைப் பிடிச்சாரான்னும் கேளுங்க. கழுத்துக்குப் போன கை கொலைக்கும் போகலாம்."

மறுவாரம் கும்மிடிப்பூண்டியில், கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றுக்குப் போனேன். செல்வியின் அலறல் கேட்டதாகப் பக்கத்து வீட்டார் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டதற்கெல்லாம் அவள் கணவனே சிரித்த முகத்தோடு பதில் சொன்னான். தண்ணீர் கேட்டு அவளோடு சமையலறைக்குள் நுழைந்தேன்.

"அடிக்கிறாராம்மா?"

"அடிக்கல்லாம் மாட்டாருக்கா."

வழக்கமாக அத்தோடு கிளம்பிவிடுவேன். அன்று, "கழுத்தைப் பிடிச்சிருக்காரா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அடிச்சா தடம் தெரியுமாம். அதான் கழுத்த புடிக்கிறாரு. நேத்து கண்ணு இருட்டிக்கினு வந்துச்சிக்கா."

"இன்னாம்மா, தண்ணி குடிக்க இவ்ளோ நேரமா?" என்றான் அவன். வாசல் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது.

உடனே, தெருமுனையில் காத்திருக்கச் சொல்லியிருந்த ஆட்டோக்காரருக்குப் போன் செய்து, "அண்ணே, வாசலுக்கே வாங்க, செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று உரக்கச் சொன்னேன். ஹாரன் சத்தம் கேட்டதும் அவன் கதவைத் திறந்தான். சிரிப்பு மாறவில்லை. "சீக்கிரம் வந்துடு" என்றான் அவளிடம்.

அவள் திரும்பிப் போகவில்லை. பள்ளிப்பட்டில் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

ஆனால் முதல் கேள்வியோடு நான் நிம்மதியாகத் திரும்பி வந்த வீடுகள் நிறைய உண்டு. இப்போது அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறேன். சிலவற்றில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.