சோனியா அள்ளிய மண்

பொம்மனஹள்ளியில் நொதி தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சோனியா பதினொரு வருடமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிறாள். பேருக்குத்தான் கழுவும் வேலை. பாக்டீரியா வளர்க்கத் தட்டுகளில் பால் கலந்த கூழை ஊற்றுவதும், மண்ணைக் கரைத்து அவற்றில் தடவுவதும், மறுநாள் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பதும் அவள்தான். பட்டம் வாங்கிய கைகளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

ஞாயிற்றுக்கிழமைகளில் கறி வாங்க சிவாஜிநகர் போகிறவள், தோல் மண்டியின் பின்புறம் ஒன்றைக் கவனித்தாள். அங்கே மண்ணில் கிடந்த தோல் துண்டுகளில் முடி தானாகவே உதிர்ந்திருந்தது. ஒரு கரண்டி மண்ணை ஐஸ்கிரீம் டப்பாவில் அள்ளி வந்தாள். தட்டில் முளைத்த ஒரு புள்ளியைச் சுற்றிப் பால் கரைந்து, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தெளிந்த வளையம் தெரிந்தது. அந்தப் பாக்டீரியா சுரந்த நொதி, தோல் பதனிடுகிறவர்கள் முடி நீக்கப் போடும் சுண்ணாம்பே இல்லாமல் தோலிலிருந்து முடியைக் கழற்றியது.

தலைமை விஞ்ஞானி டாக்டர் அனந்தபத்மநாபன் கட்டுரை எழுதினார். சக்லேஷ்பூர் காட்டில் தானே எடுத்த மண் என்று அதில் போட்டிருந்தார். கறிக்கடைச் சந்து என்று எழுதக் கூச்சம். கழுவுகிறவள் கொண்டுவந்தாள் என்று எழுத அதைவிடக் கூச்சம். பாராட்டு விழாவில் காபி கொடுத்து முடித்த கையோடு சோனியா அவர் அறைக்குப் போய், தன் பேர் எங்கே என்று கேட்டாள்.

“மண்ணை யார் வேணா அள்ளலாம் சோனியா. அது கண்டுபிடிப்பு ஆகாது” என்றார்.

இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஆனாலும் தினம் காலையில் வணக்கம் சொல்வதை நிறுத்தவில்லை.

இரண்டு வருடத்தில் வளையம் சுருங்க ஆரம்பித்தது. வாரந்தோறும் வளமான தீனி போட்டு மாற்றி மாற்றி வளர்த்ததில், சொகுசு கண்ட பாக்டீரியா வேலையை மறந்துவிட்டது. தாமதமாகத்தான் உறைய வைத்திருந்தார்கள்; அதை எடுத்துப் பார்த்தாலும் அதே கதை. வாணியம்பாடியிலிருந்து தோல் முதலாளிகள் நொதியைப் பார்க்க வரப்போகிறார்கள். அதே காட்டுக்குப் போய் மறுபடியும் மண் எடுத்து வரச் சொன்னது நிர்வாகம். பொய் சொன்னேன் என்று டாக்டர் எப்படிச் சொல்வார்? மழையில் மூன்று முறை போய், அட்டைக்கடி வாங்கி, மூட்டை மூட்டையாக மண் கொண்டுவந்தார்.

அவ்வளவையும் சோனியா ஒழுங்காகத் தடவினாள். எதிலும் ஏமாற்றவில்லை; ஏமாற்றத் தேவையும் இல்லை. வளையம் இல்லாத தட்டுகளைக் காலையில் அவர் மேஜைமேல் வரிசையாக அடுக்கிவைக்கும்போது மனசு குளிர்ந்தது.

கடைசியில் அவரே கழுவும் அறைக்கு இறங்கி வந்தார். கட்டுரைக்குத் திருத்தம் எழுதுவதாகவும், அவள் பேரை முதலில் போடுவதாகவும், மண் அள்ளிய சரியான இடத்தை மட்டும் காட்டினால் போதும் என்றும் கெஞ்சினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவர் காரில் ஏறினாள்.

சிவாஜிநகரில் மண்டி இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை. வரிசையாக பைக்குகள் நின்றன.

“இங்கதான் சார்.”

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். “இது எப்போ போட்டா?”

“ரெண்டு மாசம் ஆவுது.”

“அப்பவே உனக்குத் தெரியுமா? ஒரு ஸ்பூன் எடுத்து வெச்சிருக்கலாமே!”

“ஜேசிபி வாரிக்கினு போறவரைக்கும் பாத்துக்கினே நின்னேன் சார். என் பேரையும் சேத்துதான் வாரிச்சு. போனா போவுதுன்னு நின்னேன்.”