பதினோரு ஆத்துமாக்கள்

மிஸ் இசில்டா சுட்டுவிரலால் பெஞ்சுகளின் முதுகைத் தட்டிக்கொண்டே நடுவழியில் வருகிறார். தலையில் ஊதாத் தொப்பி, கக்கத்தில் பதிவேடு. பாதர் எல்மரின் பிரசங்கம் நடுவில் நின்றாலும் நிற்கும், இவர் விரல் நிற்காது. முதல் வரிசையில் மூன்று தட்டு. அடுத்த இரண்டு வரிசைகளிலும் ஆட்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு தட்டும் கிடையாது, காலி பெஞ்சைப் போலத் தாண்டிப் போகிறார். பிறகு வாசல் மேசையில் அமர்ந்து, 'ஆத்துமாக்கள்' என்று தலைப்பிட்ட கட்டத்தில் எழுதுகிறார்: பதினொன்று.

கோயிலில் எழுபது பேருக்குக் குறையாமல் இருக்கிறோம்.

எங்கள் ஊரின் பெயர் பத்தொன்பதாம் மைல். லிமோன் துறைமுகத்திலிருந்து ரயில் பாதை போட வந்த ஜமைக்காக்காரர்கள் இங்கே தங்கள் ஆங்கிலச் சபைக்குப் புனித பர்னபா கோயிலையும் கட்டினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் தலைநகர் சான் ஹோசேவுக்கும் நியூயார்க்குக்கும் போய்விட்டார்கள். ரயிலும் போய்விட்டது. அன்னாசி ஆலை வந்தது, ஆலையோடு நிகரகுவாக்காரர்கள் வந்தார்கள். கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால்தான் அவர்கள் நம்மிடம் வருகிறார்கள் என்பது மிஸ் இசில்டாவின் கட்சி. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

ஸ்பானிஷ் பேசுகிற எவரும் எங்கள் ஜமைக்கா ஆங்கிலத்தில் 'பாஞா'. பாஞாவுக்கு ஆத்துமா இல்லை என்று மிஸ் இசில்டா ஒருநாளும் சொன்னதில்லை. எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

"நம்மாளுன்னா யாரு மிஸ் இசில்டா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தாத்தா பேரைச் சொன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்டி."

என் அப்பா நம்மாள். அம்மா பாஞா. ஆகவே நானும் தம்பி லின்வலும் சேர்ந்து ஒரு ஆத்துமா. தம்பி சான் ஹோசேவுக்கு வேலைக்குப் போன பிறகு நான் மட்டும் இங்கே ஆர்கன் வாசிக்கிறேன். எண்ணிக்கை என்னவோ குறையவில்லை. மீதிப் பாதியை எங்கிருந்து ஈடுகட்டினார் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

வார நாட்களில் அவர் ஆலை வாசலில் பான்போன் விற்கிறார். கறுத்த இனிப்பு ரொட்டி. ஜாதிக்காய் வாசனை பஸ் நிறுத்தம் வரை வரும். அங்கே ஸ்பானிஷ் தண்ணீராகப் பாயும். "எடுத்துக்க ராசா, இன்னொண்ணு எடுத்துக்க ராசாத்தி." ஞாயிற்றுக்கிழமை கோயில் படி ஏறியதும் அந்த மொழி அடியோடு மறந்துபோகும். ஆலையில் பழம் அடுக்கும் மர்பெலி வந்து ஸ்பானிஷில் வணக்கம் சொன்னால், என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னடி சொல்லுது இது?" என்பார்.

அந்த மர்பெலியோடுதான் பெரிய வழக்கு. அவள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது மிஸ்டர் கிளெமன்ஸ் இடம்னு சொல்லு அவகிட்ட."

சொன்னேன். "அவரு எங்க?" என்றாள் மர்பெலி.

"செத்துட்டாரு. தொண்ணூத்தொண்ணுல."

"அப்ப இன்னிக்கு வரமாட்டாருல்ல," என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். மிஸ் இசில்டாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. புரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

போன மாதம் சபைத் தலைமையிடத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று ஆண்டுகளாகப் பதினோரு ஆத்துமாக்களே உள்ள கோயிலுக்குக் கூரை எதற்கு, பாதர் எதற்கு? மூடிவிடுகிறோம், பதினோரு பேரையும் ஏற்றிப் போக மாதம் ஒருமுறை வேன் வரும். பதிவேட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவந்த பாதர் எல்மர், அன்றுதான் அதைப் படித்தார்.

"மிஸ் இசில்டா, போன ஞாயிறு எழுபது பேரு இருந்தாங்களே?"

"பதினொண்ணு."

"மத்தவங்க?"

"விருந்தாளிங்க."

"மூணு வருஷமாவா?"

"நான் போகச் சொன்னேனா பாதர்? நல்லா உக்காரட்டும்."

மிஸ் இசில்டா அலட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஆலை வாசலில் அவர் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மாவு பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தார். "வேன்ல ஏத்திட்டுப் போவாங்களாம்டி. சந்தைக்குப் போற கோழி மாதிரி," என்றார். எண்பத்திரண்டு வயதில், இந்த ஊரில் அவர் சொல்லுக்கு அடங்குவது அந்தக் கோயில் வாசல் ஒன்றுதான். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

பாதர் கெஞ்சிக் கூத்தாடியதில் தலைமையிடம் இறங்கி வந்தது. ஓர் அதிகாரி வருவார், அவர் கண்ணெதிரே பதிவேடு வைத்திருப்பவரே எண்ண வேண்டும், நாற்பது இருந்தால் கோயில் பிழைக்கும். எழுபது இருக்கும்போது நாற்பதுக்கு என்ன பஞ்சம் என்று நிம்மதியாக இருந்தோம். அதிகாரி வந்த ஞாயிறு பார்த்துக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவதற்காக ஆலை பாதிப் பேரை வேலைக்கு இழுத்துக்கொண்டது.

மிஸ் இசில்டா தன்னிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று முதல் பத்து வரை எங்கள் ஆங்கிலத்தில், ராகம் போட்டு. ஆர்கனுக்கு வந்ததும் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதினொன்றை ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார். ஸ்பானிஷில் ஒருமுறை சொன்னார். பாதியில் விட்டிருந்த கணக்கு அப்படி நேரானது. பன்னிரண்டிலிருந்து ஸ்பானிஷ்தான். கசாயம் குடிக்கிற முகத்தோடு ஒவ்வொரு பாஞாவாகத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்ணிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்ற பயம் போலும்.

கடைசி பெஞ்சு முடிந்தது. முப்பத்தொன்பது.

எல்லோரும் பாதரைப் பார்த்தோம்.

"பாதர் ஊழியர். அவரைச் சேர்க்கக் கூடாது," என்றார் அதிகாரி. வாசலுக்கு வெளியே ஒரு நாய்கூட இல்லை. "வருத்தமா இருக்கும்மா. முப்பத்தொன்பதுன்னு எழுதட்டுமா?"

"பேனாவை மூடாதீங்க."

மிஸ் இசில்டா திரும்பி முன்பக்கமாக நடந்தார். மூன்றாவது பெஞ்சில் நின்றார். அங்கே எட்டு மாத வயிற்றோடு மர்பெலி, ஏதோ திட்டு விழப்போகிறது என்று நகர்ந்து உட்கார்ந்தாள். மிஸ் இசில்டா குனிந்து, விரலால் தட்டாமல், உள்ளங்கையை விரித்து அந்த வயிற்றின்மேல் வைத்தார். அதிகாரியை நேராகப் பார்த்து, எங்கள் ஆங்கிலத்தில், "நாப்பது," என்றார். அதிகாரி எழுதி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.