நான் காட்டிய தப்பான பாதை

செல்வமும் நானும் ஒன்றாகத்தான் ஆமியில், இலங்கை ராணுவத்தில், சேர்ந்தோம். திரும்பி வந்ததும் நான் எஹலியகொட தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டினேன். அவன் ஊனமுற்ற சிப்பாய்களுக்குப் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்தான். எல்லாரும் அவனையே தேடி வந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் செயற்கைக் காலோடு வந்த சிங்களவர் ஒருவர், செல்வத்தின் லயத்து வீட்டுக்கு வழி கேட்டார். வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் போகும் மலைப்பாதையைக் காட்டினேன். கொஞ்ச தூரத்திலேயே வழுக்கி விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன்.

"நான்தான் பாதைய விட்டுட்டேன் போல, மல்லி," என்றார் சிங்களத்தில், என்னைத் தம்பி முறை வைத்து. "ரப்பர் வெட்டுற ஆமிக்காரர் நீங்கதானே? உங்கள நம்பிக் கேக்கலாம்னு செல்வம் சொன்னாரு."

அவரை முதுகில் சுமந்துபோய்ச் செல்வத்தின் வாசலில் இறக்கினேன்.

இப்போது வருகிறவர்களை நானே கூட்டிப்போகிறேன். பொறாமை இன்னும் விட்டபாடில்லை. வழியை மட்டும் மாற்றிச் சொல்வதில்லை.