பதிவில் வராத பொத்தான்

அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவளை 'லாக் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அங்குள்ள ஒவ்வொரு இயந்திரமும், தான் செய்வதையெல்லாம் ஒவ்வொரு வரியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். லிஃப்ட் எந்த மாடியில் நின்றது, மருந்துக் குளிர்பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது, ஜெனரேட்டர் எப்போது ஓடத் தொடங்கியது என்று. லாக் எனப்படும் அந்தப் பதிவு வரிகளை வாங்கி, நேரம் குறித்து, அடுக்கி வைக்கிற மென்பொருள் அடித்தளத்து அறையில் ஓடியது. அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

நோயாளிகளின் விவரங்களைத் தட்டச்சு செய்ய வந்தவள் அவள். முன்பு அந்த அறையில் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும், "தற்காலிகமா பாத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகம் முடியவே இல்லை. மென்பொருளோடு வந்த கையேட்டைப் படித்தும், சிலதைக் கெடுத்தும், கெடுத்ததைச் சரிசெய்தும் கற்றுக்கொண்டாள்.

அந்த மென்பொருள் மக்கர் செய்தால் அவள் முதலில் எதையும் தொடமாட்டாள். அது எந்தப் பதிப்பு, அமைப்புக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது, டிஸ்கில் இடம் இருக்கிறதா, எழுதப்படாமல் நினைவகத்தில் எத்தனை வரிகள் காத்துக்கிடக்கின்றன, கடைசியாகத் தன்னைப் பற்றி அது என்ன சொன்னது என்று எல்லாவற்றையும் நகல் எடுத்துத் தனியே வைத்த பிறகுதான் கைவைப்பாள்.

பக்கத்து நாற்காலி நெட்வொர்க்காரருக்கு இது பொறுக்காது. "ரீஸ்டார்ட் பண்ணுங்கக்கா. பாதி வியாதி அதுலயே போயிடும்."

"போயிடும். என்ன வியாதின்னு தெரியாமலே போயிடும்."

"உங்களைக் கட்டிக்கப்போறவர் பாவம்க்கா. தலைவலின்னு சொன்னாக்கூட முதல்ல நகல் எடுப்பீங்க போல."

இந்தக் குணம் வேலையோடு வந்ததல்ல. சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போன பிறகு தம்பியைச் சாப்பிட வைப்பது இவள் பொறுப்பு. சாப்பிட்டுவிட்டேன் என்று அவன் சொன்னாலும், அடுப்படிக்குப் போய்த் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். வளர்ந்த பிறகும் அவன் அதைச் சொல்லியே கிண்டல் செய்வான். அவள் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிட்டு, "போ, தட்டைப் பாத்துட்டு வா" என்று சிரிப்பான். அவனும் அதே மருத்துவமனையில்தான் இருந்தான், பின்கட்டில் ஆக்சிஜன் பிளான்ட் ஆபரேட்டராக.

ஒரு மதியம் ஆக்சிஜன் அழுத்தம் இறங்கியது. ஒரு வரிசை சிலிண்டர்கள் தீரும்போது எச்சரிக்கை மணி அடிக்கும். ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினால் வால்வு திரும்பி அடுத்த வரிசை திறக்கும். அன்று அது திறக்கத் தாமதமாகிவிட்டது. மேல்மாடி வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார்.

"மணி அடிச்ச உடனே அழுத்தினேன் சார். வால்வு திரும்பல. கையால திருப்ப ஓடினேன்" என்றான் தம்பி.

"அழுத்தியிருந்தா பதிவு இருக்குமே" என்றார் மேலாளர்.

பதிவில் அந்தச் சில நிமிடங்கள் வெறுமையாக இருந்தன. பிளான்ட்டிலிருந்து ஒரு வரி கூட இல்லை.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். "உங்க தம்பின்னு தெரியும். ஆனா இதைப் பாக்க வேற ஆள் இல்ல. நெட்வொர்க்காரரைக் கூடவே வச்சுக்கோங்க."

அவள் அறைக்குள் போகும்போது தம்பி வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் வால்வின் துரு அப்படியே ஒட்டியிருந்தது.

"இருக்கும்லக்கா?"

"பாத்துட்டு சொல்றேன்."

நினைவகத்தில் தேங்கி நின்றிருந்தால் அந்த வரி இன்னும் உயிரோடு இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் போய்விடும். அன்று நெட்வொர்க்காரர் ரீஸ்டார்ட் பேச்சே எடுக்கவில்லை. தெரியாமல் எதையாவது தொட்டுவிடுவோமோ என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். டிஸ்கில் இடம் இருந்தது. அமைப்புக் கோப்பில் பிழை இல்லை. சோதனைக்கு ஒரு வரி அனுப்பிப் பார்த்தாள், உடனே வந்து சேர்ந்தது. நினைவகத்தில் எதுவும் காத்திருக்கவில்லை. கடைசியாக, மென்பொருள் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் கோப்பைத் திறந்தாள். அந்த மதியத்துக்கு நேராக ஒரே ஒரு வரி இருந்தது: பிளான்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வந்த செய்திகள் வரம்பைத் தாண்டின, முந்நூற்றுச் சொச்சம் செய்திகள் கைவிடப்பட்டன.

அந்த வரம்பு அவள் வைத்தது. முன்பு ஒருமுறை பிளான்ட்டில் பழுதான சென்சார் ஒன்று ஓயாமல் உளறி டிஸ்கையே நிரப்பிவிட்டது. ஒரே பெட்டி ஒரேயடியாகக் கொட்டினால் மிஞ்சியதை விட்டுவிடு என்று அப்போது எழுதி வைத்தாள். எல்லோரும் பாராட்டினார்கள். சென்சாரின் உளறலும், மனிதன் அழுத்துகிற பொத்தானும் அந்தப் பெட்டியிலிருந்து ஒரே பெயரில்தான் வரும் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். அழுத்தம் இறங்கிய நேரத்தில் எல்லா சென்சாரும் சேர்ந்து கத்தியிருக்கின்றன. அந்தக் கத்தலோடு அவன் அழுத்தியதும் போய்விட்டது, அழுத்தியிருந்தால்.

கைவிடப்பட்டது எங்கேயும் இருக்காது. எத்தனை என்பது மட்டும்தான் மிஞ்சும்.

நெட்வொர்க்காரர் மெல்லச் சொன்னார். "ஒரே ஒரு வரிதானேக்கா, சேத்துடுங்க. எந்த நேரம்னு நமக்குத் தெரியும். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"அப்புறம் இதுல இருக்கிற எந்த வரியை யார் நம்புவாங்க?"

"நம்பி என்னக்கா ஆகப்போகுது? ஒரு பையனோட வாழ்க்கை."

அவள் நகல்களை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைத்தாள். பதிவு விடுபட்டதற்குத் தான் வைத்த வரம்பே காரணம், பதிவு இல்லாததை வைத்து ஆபரேட்டர் அழுத்தவில்லை என்று சொல்ல முடியாது என்று அறிக்கை எழுதினாள். அதைவிட நேர்மையாக எழுத அவளுக்குத் தெரியாது.

படிக்கட்டுக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அதெல்லாம் சரி. நீ என்ன நினைக்கிற?"

"அதான் சொன்னேனே. பதிவு விட்டுப்போச்சு."

"பதிவை விடு. நான் அழுத்தினேனா இல்லையா? நீ சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். ஆம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தெரியவில்லை என்பதுதான்.

"தெரியலடா" என்றாள்.

அவன் எழுந்து, கால்சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு, படியிறங்கிப் போனான்.

விசாரித்தவர்கள் அறிக்கையில் 'பதிவு இல்லை' என்பதைப் படித்தார்கள், அதற்கு மேல் படிக்கவில்லை. அவன் வேலை போயிற்று. வேறு ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

"அழுத்தினேன்னு அவன் வாயால சொன்னான்ல. அது போதாதா உனக்கு?" என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் அமைப்புக் கோப்பைத் திருத்தினாள். பொத்தானுக்குத் தனிப் பெயர் கொடுத்து, அதற்கு வரம்பே இல்லாமல் செய்தாள். புதிய ஆபரேட்டரைப் போனில் கூப்பிட்டு, சோதனைக்காக ஒருமுறை அழுத்தச் சொன்னாள்.

திரையில் வரி வந்தது: பொத்தான் அழுத்தப்பட்டது.

"வந்துடுச்சுண்ணே, போதும்."

"இருங்கம்மா. வால்வு திரும்பல. இன்னொரு தடவை அழுத்துறேன்."

இரண்டாவது வரி வந்தது. பிறகு மூன்றாவது. அதற்குப் பிறகுதான் வால்வு திறந்ததாக வரி வந்தது.

அவள் எல்லாவற்றையும் நகல் எடுத்து மேலாளருக்கு அனுப்பினாள். "வால்வை மாத்தச் சொல்லிட்டேன்மா. பழசைக் கிளற வேண்டாம்" என்றார் அவர்.

தம்பியைக் கூப்பிட்டாள். அவன் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"டேய், அந்த வால்வு மக்கர் பண்ணுதுடா. நீ அழுத்தித்தான் இருப்ப. நீ சொன்னது சரிதான்."

"யார் சொன்னா?"

"பதிவுல வந்திருக்கு. நானே பாத்தேன்."

அவன் இயந்திரத்தை விட்டுத் தள்ளி வந்திருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது.

"தட்டைப் பாத்துட்டியாக்கா?" என்றான். குரலில் கோபம் இல்லை. "சரி, இங்க வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தான்.